கீழே கொஞ்சம் கூடுதல்

சட்டகங்கள் மூவகைப்படும் என்று மனம் தானாகத் தொடங்குகிறது, தொடங்கட்டும், பாதி ஆயுளைக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை திருத்திக் கழித்தவளுக்கு மனம் வேறு எப்படித் தொடங்கும், முதல் வாக்கியத்தில் அது இன்னது என்று சொல், இரண்டாவதில் எத்தனை வகை என்று சொல், மூன்றாவதில் எங்கே கிடைக்கும் என்று சொல், அதற்கு மேல் தெரியாவிட்டால் 'காண்க' என்று போட்டு வாசகரை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடு. மூவகை. சாமிக்கு, கல்யாணத்துக்கு, காலமானவர்களுக்கு. சாமிக்குப் பொன்னிறத்தில் கொடியோடிய அகலச் சட்டம். கல்யாணத்துக்கு வெள்ளை, நாலு மூலையிலும் ரோஜா. காலமானவர்களுக்குக் கறுப்பு, உள்விளிம்பில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு, போகிறபோதும் நமக்குப் பொட்டுத் தங்கமாவது வேண்டியிருக்கிறது. கடையின் மேல்கூரையிலிருந்து இன்னும் அறுக்காத சட்டங்கள் பந்தலில் புடலங்காய் தொங்குவதுபோலத் தொங்குகின்றன. மரத்தூளும் பசையும் சேர்ந்த வாசனை. பின்கட்டில் யாரோ கண்ணாடி அறுக்கிறார்கள், அந்தச் சத்தம் என் பின்பற்களில் வந்து முடிகிறது. கடைக்காரர் குழந்தைவேலுக்கு மூன்று குரல் இருப்பதை வந்த கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன், சாமிப் படத்துக்கு ஒன்று, கல்யாணப் படத்துக்கு ஒன்று, காலமானவர் படத்துக்கு ஒன்று. எனக்கு முன்னால் முருகன் வாங்கிப் போனவரிடம் கணீரென்று பேசினார். போனில் ஒரு கல்யாண வீட்டாரோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். நான் பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் விரித்ததும் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, பாத்து நல்லபடியாப் பண்ணிக் குடுத்தர்லாமுங்க" என்று ஏறக்குறைய காதோடு சொன்னார். மூன்றாவது குரல். காகிதம் பறக்காமலிருக்க விசிறியைக் குறைத்தார், சரி, குரலை எதற்குக் குறைத்தார்.

வாசலுக்கு நேரே ஆட்டோ நிற்கிறது. உள்ளே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் படி உயரம், ஏறி இறங்குவது இப்போதைக்கு முடியாது. முடிந்தாலும் வரமாட்டேன் என்றுதான் சொன்னார், "நீயே பாத்துப் போட்டுட்டு வா மயிலு, உனக்குத்தான் எல்லாந் தெரியுமே." மயிலாத்தாள் என்ற பெயரை மயிலு என்று சுருக்கியவர் அவர்தான். கோபம் வந்தால் கலைக்களஞ்சியம் என்று நீட்டுவார். எல்லாம் தெரியும் என்பது சுத்தப் பொய், அது அவருக்கும் தெரியும். எனக்குக் கொடுக்கப்பட்டது 'ச'விலிருந்து 'ந' வரையான தொகுதிகள். அதனால் உலகத்தில் சந்தனமும் சிலந்தியும் தராசும் தேள்கடியும் நத்தையும் எனக்கு அத்துப்படி, கடுகைப் பற்றிக் கேட்டால் முழிப்பேன். நரம்பு வரைக்கும் வந்துவிட்டேன். நரம்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய பன்னிரண்டு பக்கக் கட்டுரையை ஆறு பக்கமாக வெட்டியவள் நான். பக்கவாதம் அடுத்த தொகுதியில் வருகிறது, அது இன்னொருவர் பொறுப்பு. அன்று காலை அவர் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி, வாய் ஒரு பக்கம் இறங்கி, என்னவோ சொல்ல வந்து சொல்லாமல் நின்றபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நரம்பு வரை படித்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடிவந்து காரை எடுத்தார். வாசல் நிலையில் வெற்றுச் சட்டங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள், கண்ணாடியும் இல்லை, படமும் இல்லை. நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவர் தலையும் தோளும் ஒரு கறுப்புச் சட்டத்துக்குள் அச்சாக உட்கார்ந்திருக்கின்றன. நான் பகுத்தறிவுள்ளவள். இரண்டடி இடதுபக்கம் தள்ளி நின்றுகொள்கிறேன். இப்போது சட்டத்துக்குள் ஆட்டோக்காரர் சலீம் பாயின் பேப்பர் படிக்கிற முகம் வந்துவிட்டது, பாவம், அவருக்கு என்ன தீங்கு நினைத்தேன், மறுபடி ஓரடி தள்ளி நிற்கிறேன், இப்போது ஒரு போஸ்டர் ஒட்டிய சுவர், அது போகட்டும்.

படம் ஒரு கை. தலையணைமேல் கிடக்கிற வலது கை. மணிக்கட்டுவரை சட்டையின் கை மடிந்திருக்கிறது, உள்ளங்கை கீழே, விரல்கள் முன்னால் நீண்டு காகிதத்தின் அடியோரம்வரை வந்திருக்கின்றன. பென்சில் கோடு, மேலே தண்ணீராய்க் கரைத்த நிறம். வரைந்தது அவருடைய இடது கை. முப்பத்தைந்து வருடம் பம்ப்செட் கம்பெனியில் இயந்திர வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர், கோடு என்றால் மயிரிழை பிசகாத கோடு, எல்லாம் வலது கை போட்ட கோடு. அந்தக் கை இப்போது தலையணையில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது. பிசியோதெரபிக்கு வருகிற ஜெனிபர்தான் சொன்னாள், "இடது கையில எதாச்சும் வரையட்டுங்க ஆன்ட்டி, மூளைக்கு அது ஒரு எக்சர்சைஸ். வலது கை வரலாம், வராமயும் போலாம், ஆனா நீங்க ரெண்டையும் சும்மா விடாதீங்க." அந்தப் பெண்ணுக்கு நேராகப் பேசுகிற நல்ல பழக்கம் இருக்கிறது, அதற்காக அவளை ஒரு வாரம் வெறுத்தேன். முதலில் பென்சிலைத் தொடவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று, அவர் எதையுமே வேண்டும் என்று கேட்கவில்லை. மாதக்கணக்காக. உப்பில்லாத உப்புமாவைச் சாப்பிட்டார். ஒருமுறை காபியில் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்துப் பார்த்தேன், குடித்துவிட்டு டம்ளரை வைத்தார், அன்றைக்குச் சமையல்கட்டில் போய் அழுதேன். அப்படிப்பட்டவர் போன வாரம் இந்தத் தாளை நீட்டி, "இதுக்கு ஒரு பிரேமு போட்டுட்டு வந்தர்லாமா" என்று கேட்டார். கேட்டார் என்பதே போதும் என்று ஆட்டோவுக்குப் போன் பண்ணப் போனவள், பாதி நம்பரை அழுத்தியபின்தான் என்ன படம் என்று பார்த்தேன்.

அதிலிருந்து இதே இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். கைக்கு எதற்குச் சட்டம் போடுவார்கள். எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது யார்யார் என்று எண்ணத் தேவையில்லை, அவருடைய அண்ணனான பெரிய மச்சாண்டார், மாமனார், மாமியார். மூவரும் ஹாலில் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். என் வீட்டுக்காரர்தான் அளவெடுத்து ஆணி அடித்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவரின் நீளத்தைப் பிரித்துப் பார்த்து, மூன்று ஆணி அடித்தால் ஒரு பக்கம் சுவர் இழுத்த மாதிரி இருக்கும், நாலு அடித்தால்தான் சமமாக இருக்கும் என்று நாலாக அடித்துவிட்டார். நாலாவது ஆணியில் யாரை மாட்டுவீர்கள் என்று கேட்டேன். "யாரு அவசரப்படறாங்களோ அவிங்கள" என்றார். அப்போது சிரித்தேன். நல்ல சிரிப்புத்தான், இருவருக்கும் கை கால் எல்லாம் நன்றாக இருந்தபோது சிரித்தது. இந்தப் படத்தைக் கொண்டுபோனால் வீட்டில் காலியாக இருக்கிற ஆணி அது ஒன்றுதான். மாமியாருக்குப் பக்கத்தில் அவருடைய வலது கை. கறுப்புச் சட்டம் போட்டுக்கொண்டு போனால், ஆமாம், அந்தக் கை போய்விட்டது என்று நானும் சேர்ந்து ஒப்புக்கொண்டதாகும். தங்கச் சட்டம் போட்டால், சின்னப் பிள்ளை கிறுக்கியதை ஊரைக் கூட்டிக் காட்டுகிற மாதிரி, அவர் அதைப் பார்த்த பார்வையிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார், அப்புறம் எடுக்கமாட்டார். எனக்குத் தெரியும் அவரை. இது விடைகொடுக்கிற படமா, இல்லை வா என்று கூப்பிடுகிற படமா, அது தெரிந்தால் சட்டம் எது என்று நொடியில் சொல்லிவிடுவேன். கேட்டிருக்கலாம். ஏனுங்க, இது எதுக்குங்க வரைஞ்சீங்க. கேட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால். கேட்காமல் இருக்கிறவரை இரண்டும் பாதிப் பாதி உண்மை.

"மவுண்ட் வெக்கறதுங்களா?" என்கிறார் குழந்தைவேல் மூன்றாவது குரலில். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு பக்கமும் வருகிற அட்டைக்குத்தான் மவுண்ட் என்று பெயர். வைக்காமல் எப்படி, வைத்தால்தான் கண்ணாடி படத்தில் ஒட்டாது. ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். மழைக்காலத்தில் ஓதம் ஏறி மாமனாரின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, வேறு சட்டம் மாற்றலாம் என்று பிரித்தபோது மூக்கின் பாதி கண்ணாடியில் வந்தது. இன்றைக்கும் அவர் பாதி மூக்கோடு பழைய கண்ணாடிக்குள்தான் இருக்கிறார், தொட முடியாது. ஆகவே மவுண்ட் வேண்டும், காகிதத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். குழந்தைவேல் அட்டைகளை விசிறிமாதிரி விரிக்கிறார். மெரூன் வெல்வெட், சாம்பல், ஆகாச நீலம், பழைய வேட்டி நிறத்தில் ஒன்று. மெரூனைக் கையின் பக்கத்தில் வைத்தால் கை கசாப்புக்கடைப் பொருளாகிவிடுகிறது. நீலத்தில் வைத்தால் பிறவியிலேயே நீந்தத் தெரிந்த கை மாதிரி இருக்கிறது. சாம்பலில் வைத்தவுடனே எடுத்துவிடுகிறேன், அதை எதற்கு என்று சொல்லவேண்டாம். வேட்டி நிறத்தில் வைத்தபோது கை கையாகவே இருக்கிறது. "இது," என்கிறேன். சொன்னதும் கலைக்களஞ்சியம் விழித்துக்கொண்டு, 'சட்டகம்' எங்கள் தொகுதியில் வருவதல்லவா, அட்டையின் நாலு ஓரமும் ஒரே அகலமாக இருந்தால் பார்க்கிற கண்ணுக்குப் படம் கீழே வழுக்கி இறங்குவதுபோலத் தோன்றும், ஆகவே கீழோரத்தை மற்ற மூன்றையும்விடச் சற்று அகலமாக விடுவது மரபு, என்று வரிக்கு வரி ஒப்பிக்கிறது. அதை எழுதியவர் ஓவியக் கல்லூரிப் பேராசிரியர், 'சற்று' என்றால் எவ்வளவு என்று கேட்டு அவருக்கு மூன்று கடிதம் போட்டேன், மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. "கீழே மட்டும் கொஞ்சம் கூடுதலா விடுங்க," என்கிறேன், விஷயம் தெரிந்தவளுடைய அந்த அசட்டுக் கம்பீரத்தோடு.

"அது விட்டுத்தானுங்கம்மா ஆகோணும்," என்று தலையை ஆட்டுகிறார் குழந்தைவேல். பரவாயில்லை, படித்திருக்கிறார் என்று மகிழ்கிறேன். "எழுதறதுக்கு எடம் வேணுமல்லங்க. பேரு மேல, தோற்றம் இடது பக்கம், மறைவு வலது பக்கம். தேதி இங்கிலீஷ்லீங்களா, தமிழ் மாசத்துலீங்களா?" ஒரு கணம் எனக்கு அவர் வேறு யாரோடோ பேசுகிறார் என்றுதான் தோன்றுகிறது. பின்பு கண்ணாடி அறுக்கிற சத்தம் நின்றுபோகிறது, அல்லது எனக்குக் கேட்காமல் போகிறது. "பெரியவரு எப்பத் தவறுனாருங்க?" என்கிறார். "படம் வரைஞ்சவங்க மூஞ்சிய வரையாம கைய மட்டும் வரைஞ்சிருக்கறாங்களேன்னு பாத்தேன். ஆசீர்வாதம் பண்ற கைங்களா?" சிரிப்பு வருகிறது, எங்கேயிருந்து என்று தெரியவில்லை, தொண்டையில் பாதி சிரிப்பும் பாதி வேறெதுவோவும் சேர்ந்து ஒரு சத்தமாக வெளியே வருகிறது, அவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நகர்த்துகிறார். "தவறலீங்க," என்கிறேன். "வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்கறாரு." அவர் எட்டிப் பார்க்கிறார். ஆட்டோவிலிருந்து என் வீட்டுக்காரர் இவரைத் திருப்பிப் பார்க்கிறார். குழந்தைவேல் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அடக் கெரகமே, மன்னிச்சுக்கோங்கம்மா," என்று கைகூப்பிவிட்டு, எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் பேசாமலே நிற்கிறார். பாவம், அவர்மேல் என்ன தப்பு. இந்த ஊரில் சட்டத்துக்குக் கீழே யாராவது இடம் விடச் சொன்னால் வேறு எதற்குச் சொல்லியிருப்பார்கள். பேராசிரியர் இருந்திருந்தால் அவருக்கு நாலாவது கடிதம் எழுதியிருப்பேன், ஐயா, தங்கள் மரபு எங்கள் பக்கத்தில் இப்படிப் பொருள்படுகிறது.

கீழே இடமே வேண்டாம் என்று சொல்லிவிடவா. நாலு பக்கமும் சமமாக விடச் சொன்னால் படம் வழுக்கி இறங்கும், கை தலையணையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், தினம் அதைப் பார்க்கவேண்டும். இடம் விட்டால் வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் அந்த வெற்றிடத்தில் தேதியைத் தேடும். ஒரு அட்டை ஓரத்தில் இவ்வளவு இருக்கிறது. குழந்தைவேல் தம் தவறை வேலையால் ஈடுகட்டப் பார்க்கிறார், 'ட' மாதிரி வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து, ஒன்றை மேல் மூலையிலும் ஒன்றைக் கீழ் மூலையிலும் வைத்து, உள்ளே நகர்த்தியும் வெளியே நகர்த்தியும் ஜன்னலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டுகிறார், எந்த அளவில் வெட்டலாம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு. நன்றாக இருக்கிறது இந்த விளையாட்டு. துண்டுகள் நெருங்க நெருங்கத் தலையணை மறைகிறது, சட்டையின் மடிப்பு மறைகிறது, விலக விலக எல்லாம் திரும்பி வருகிறது. "இங்க கீழ ஒரு கறை இருக்குதுங்க," என்கிறார், இப்போது கல்யாணக் குரலுக்கும் சாமிக் குரலுக்கும் இடையில் ஏதோ ஒன்றில். "பென்சில் தீத்துன மாதிரி. கவலப்படாதீங்க, மவுண்ட்ட அரை இஞ்சு மேல ஏத்துனா மறைஞ்சிரும், வெளிய தெரியாது." கீழ்த்துண்டை மேலே ஏற்றுகிறார். ஆள்காட்டி விரலின் நுனிக்கு அடியில் இருந்த சாம்பல் நிறத் திட்டு அட்டைக்கு அடியில் போய்விடுகிறது. சுத்தமாக இருக்கிறது படம். தலையணையில் ஒரு கை படுத்திருக்கிறது.

"எடுங்க," என்கிறேன். "அட்டையக் கீழ எறக்குங்க." இறக்குகிறார். கறை திரும்ப வருகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிகிறேன். தீற்றல் இல்லை. கோடுகள். ஒன்றை ஒட்டி ஒன்றாக, எல்லாம் ஒரே சாய்வில், மேலே அழுத்திக் கீழே வர வர லேசாகும் கோடுகள், இடது கையின் நடுக்கம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது, இருந்தாலும் சாய்வு மாறவில்லை. நிழல். என் வீட்டுக்காரர் எந்தப் படத்திலும் வெளிச்சத்தை இடதுபக்க மேல் மூலையிலிருந்துதான் விழவைப்பார், அது அவர்கள் தொழிலில் வழக்கம், நிழல் வலதுபக்கம் கீழே விழும், விழுந்திருக்கிறது. நடுவிரலுக்கு நிழல் விரலை ஒட்டியே ஓடுகிறது. மோதிர விரலுக்கும் ஒட்டியே. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் நுனிப்பக்கத்தில் நிழல் விரலை விட்டு விலகி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் நகக்கண் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம். நிழல் எங்கள் தொகுதியில் வருவது. பொருள் பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் நிழல் அதன் அடியிலிருந்தே தொடங்கும், பொருள் பரப்பிலிருந்து எழுந்தால் நிழல் அதைவிட்டு விலகும். இந்த வாக்கியத்தை நான் திருத்தியிருக்கிறேன். 'எழும்பினால்' என்று இருந்ததை 'எழுந்தால்' என்று மாற்றியது நான். எழுந்தால்.

நில், நில், அவசரப்படாதே. ஆசைக்கு வரைந்திருக்கலாம். மனிதர்கள் ஆசைக்கு வரைகிறார்கள், ஓவியம் என்பதே பாதி அதுதான். ஆனால் இவரா. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு யானை வரைந்து கொடுங்க தாத்தா என்று வந்தபோது, "யானையக் கூட்டிட்டு வா சாமி, அளவெடுக்கோணும்" என்று திருப்பி அனுப்பியவர். கல்யாணமான புதிதில் நான் போட்ட கோலத்தைக் குனிந்து பார்த்து, ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது என்று சொன்னவர், பார்த்தால் நிஜமாகவே தள்ளி நின்றது, அதற்காக அன்று அவருக்குச் சட்னி இல்லை. இல்லாத ஒன்றை இந்த மனிதர் வரைந்து நான் பார்த்ததில்லை, ஒரு போல்ட் இல்லை என்றால் போல்ட் இல்லை. அப்படியானால் அந்த விரல் எழுந்திருக்கிறது. நான் சமையல்கட்டில் இருந்தபோதோ குளிக்கப் போனபோதோ, ஒரு நகக்கண் அளவு, தலையணையைவிட்டு. அதை யாரிடமும் சொல்லாமல் இந்த மனிதர் பென்சிலைச் சீவி வாங்கிக்கொண்டு, தாளை வாங்கிக்கொண்டு, நிழலோடு வரைந்திருக்கிறார். "படத்த எதும் பண்ணிராதீங்க, இப்ப வந்தர்றேன்," என்று குழந்தைவேலிடம் சொல்லிவிட்டு, அட்டைத் துண்டு ஒன்று கையோடு வந்துவிட்டதுகூடத் தெரியாமல் படியில் இறங்குகிறேன், நிலையில் தொங்குகிற கறுப்புச் சட்டம் தலையில் இடிக்கிறது, இடிக்கட்டும்.

சலீம் பாய் பேப்பரை மடித்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்களாம்மா," என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, டீக்கடைப் பக்கம் நடந்துவிடுகிறார், நல்ல மனிதர். இவர் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், வலது கை மடியில் துண்டின்மேல். "அந்தாளு எதுக்கு என்னையக் கும்பிட்டான்?" என்கிறார். வார்த்தைகள் இப்போதும் கொஞ்சம் குழைந்துதான் வருகின்றன, ஆனால் எனக்குப் பழகிவிட்டது. "உங்களச் செத்துப்போயிட்டீங்கன்னு நெனச்சுட்டாரு," என்கிறேன். "கீழ கொஞ்சம் எடம் விடச் சொன்னனுங்க, தோற்றம் மறைவு எழுதறதுக்குன்னு நெனச்சுட்டாரு." அவர் தோள் குலுங்குகிறது. வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, அது போதும், சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. சிரித்து முடிக்கட்டும் என்று நிற்கிறேன். பிறகு, "வெரலு எப்பங்க தூக்குச்சு," என்று கேட்கிறேன். "எந்த வெரலு." "படத்துல இருக்கற வெரலு." ஆட்டோவின் கூரையைப் பார்க்கிறார். மீட்டரைப் பார்க்கிறார். "நெழல் என்னோட தொகுதியில வருதுங்க," என்கிறேன். "என்கிட்ட மறைக்க முடியாது." "அதுக்குத்தான் உனக்கு எல்லாந் தெரியுமுன்னேன்," என்கிறார். பிறகு, "ஒரே ஒருக்கா. நீ பால் வாங்கப் போயிருந்தே. சும்மா கெடந்தது, வான்னேன், வந்துச்சு. அப்புறம் வர்ல." "சொல்லியிருக்கலாமல்லங்க." "சொன்னா நீ ஜெனிபருக்குப் போன் பண்ணுவே, டாக்டர்கிட்ட ஓடுவே, எல்லாரும் வந்து இந்தக் கைய உத்து உத்துப் பாப்பாங்க, அது வெக்கப்பட்டுட்டு வராமயே போயிரும்." அவர் சொல்வது உண்மை, போன் பண்ணித்தான் இருப்பேன், ஓடித்தான் இருப்பேன். "மறுக்கா வர்லைன்னா என்னங்க பண்றது?" என்று வாய் கேட்டுவிடுகிறது, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக. அவர் மடியிலிருக்கிற கையைப் பார்க்கிறார், ஒரு பம்ப்செட்டைப் பார்க்கிற மாதிரி, பழுது எங்கே என்று. "வந்துச்சுல்ல. வந்ததுக்கு டிராயிங் இருக்குது. டிராயிங் இருந்தாத் திரும்பச் செய்யலாம்."

நான் இன்னும் அந்த அட்டைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதை அவர் இடது கையால் வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, வெட்டு நேராக இல்லை என்று உதட்டைப் பிதுக்குகிறார். "கீழ எவ்வளவு எடம் விடச் சொன்னே?" "கொஞ்சம் கூடுதலா. இப்ப வேண்டாங்கன்னு சொல்லப் போறேன்." "எதுக்கு வேண்டாம்? நல்லா ரெண்டு வெரக்கடை விடச் சொல்லு. வலது பக்க மூலையில கட்டம் போடோணும்." எனக்குப் புரிவதற்குள் அவரே சொல்கிறார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "டிராயிங்னா கீழ ஒரு கட்டம் இருக்கோணுமல்ல. யாரு வரைஞ்சது, என்ன தேதி, என்னென்ன திருத்தம். திருத்தம் வர வர ஒண்ணுக்கு மேல ஒண்ணா எழுதிட்டே போவோம். நடுவெரலு தூக்குச்சுன்னா எங்க எழுதறது, செவுத்துலயா?" ஆயிரம் கட்டுரைகளின் கீழே நானும்தான் திருத்தம் எழுதியிருக்கிறேன், திருத்தம் என்றால் முன்னால் இருந்தது தப்பு என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். இவர்கள் கம்பெனியில், இனி இப்படி, என்று அர்த்தம்போல இருக்கிறது. "அந்த நாலாவது ஆணி," என்று தொடங்குகிறேன். "அதுல தினசரிக் காலண்டர மாட்டு," என்கிறார். "இத அங்க மாட்டி, எங்கம்மா பக்கத்துல வெச்சா எட்டுமா எனக்கு? கட்டிலுக்குப் பக்கத்துல, உக்காந்தாக் கைக்கு எட்டற ஒசரத்துல." எந்தக் கைக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை. இரண்டு கைக்கும் உயரம் ஒன்றுதான்.

படியேறி உள்ளே போகிறேன். அந்தக் கறுப்புச் சட்டத்தை இந்த முறை கையால் விலக்கிவிட்டு. "கறை அங்கயே இருக்கட்டுங்க," என்கிறேன் குழந்தைவேலிடம். "அது தெரியற மாதிரி வெட்டுங்க. அட்டை இந்த வேட்டி நெறம். சட்டம் பாலிஷ் போடாத சாதா மரம், ஒல்லியா. கீழ ரெண்டு வெரக்கடை விட்டுருங்க." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வருகிறார், எந்தக் குரலும் பொருந்தாமல் ஒரு சாதாரணக் குரலில், "சரிங்க, சரிங்க" என்கிறார். அது அவருடைய சொந்தக் குரலாக இருக்கவேண்டும், நன்றாகத்தான் இருக்கிறது. மூவகை என்று தொடங்கியது தப்பு, நாலாவதாக ஒன்று சேர்க்கவேண்டும், அதற்குப் பெயர் பிறகு யோசிக்கலாம். "பின்னால அட்டை வெச்சு ஆணி அடிச்சு, பேப்பர் ஒட்டி மூடிருவமுங்க," என்கிறார், "அப்பத்தானுங்க தூசி போகாது, ஆயுசுக்கும் பிரிக்க வேண்டியதில்லை." "ஆணி வேண்டாங்க," என்கிறேன். "திருப்புனாத் திறக்கற மாதிரி கொக்கி வெச்சுக் குடுங்க." அவர் படத்தையும் என்னையும் வெளியே ஆட்டோவையும் பார்க்கிறார். "மாட்டுன படத்த யாருங்கம்மா திறப்பாங்க?" "நாங்க திறப்போமுங்க," என்கிறேன். "அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும். கொக்கி கெட்டியா இருக்கட்டும்."